விதையிலிருந்து கள்ளி வளர்ப்பு: சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொட்டை மாடியிலோ பால்கனியிலோ கள்ளிகளையும் சதைப்பற்றுச் செடிகளையும் விதை போட்டு வளர்க்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்குப் பதில்கள் இவை. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய முறைகளை அப்படியே இங்கே செய்தால் பாதி விதை அழுகிப்போகும். அதனால் நம்ம ஊர் வெயில், புழுக்கம், ஐப்பசி மழை எல்லாவற்றையும் கணக்கில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

சென்னையில் காற்றே ஈரமாக இருக்கிறதே, இங்கே கள்ளி வளருமா?

நன்றாக வளரும். ஆனால் எல்லாக் கள்ளியும் வளராது. கள்ளி என்றாலே பாலைவனம் என்று நினைக்கிறோம். உண்மையில் அமெரிக்கக் கண்டங்களில் கடற்கரைப் புதர்க்காடு, மழைக்காடு, மலைச்சரிவு என்று பல இடங்களில் கள்ளிகள் இருக்கின்றன. பிரேசில், கரீபியன் பகுதிகளின் தாழ்நிலக் கள்ளிகளுக்குச் சென்னை அந்நிய ஊரே இல்லை. ஆண்டீஸ் மலையில் உயரத்தில் வளரும் ரெபூஷியா போன்றவைதான் இங்கே திணறும்.

அதற்குக் காரணம் பகல் வெயில் அல்ல, இரவுதான். கள்ளிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கார்பன் டை ஆக்ஸைடை உள்ளிழுக்கும். இரவு குளிர்ந்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். மே மாதத்தில் சென்னையில் நள்ளிரவிலும் 28, 29 டிகிரி இருக்கும். மலைக்கள்ளி அந்த நாட்களில் வளர்வதை நிறுத்திவிடும், அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் அழுகும்.

சென்னைக்கும் கள்ளிக்கும் பழைய உறவும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே போட்டார். சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை அதில் வளர்ப்பது திட்டம். சாயத் தொழில் நிலைக்கவில்லை. சப்பாத்திக்கள்ளியோ தமிழ்நாடு முழுக்கப் பரவி நிலங்களை அடைத்துக்கொண்டது. கடைசியில் 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் பூச்சியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள்.

நர்சரியில் வளர்ந்த செடியே கிடைக்கும்போது எதற்கு விதை?

என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கின் உயிரே விதைதான். காரணம் இரண்டு.

முதலாவது, செடியின் உடம்பு. சென்னைக் கடைகளுக்கு வரும் கள்ளிகளில் பல, மேற்கு வங்கத்தின் காலிம்பாங் போன்ற குளிர்ந்த மலையூர்களில் வளர்ந்தவை. அங்கே கொழுகொழுவென்று இருக்கும் செடி, இங்கே வந்து முதல் கத்திரியையோ முதல் வடகிழக்குப் பருவமழையையோ தாண்டுவது கஷ்டம். விதையிலிருந்து இங்கேயே முளைத்த நாற்று அப்படியல்ல. ஒரு தொட்டியில் முளைத்த முப்பதில், நம் புழுக்கத்துக்கு ஒத்துவராதவை முதல் வருஷத்திலேயே போய்விடும். மிஞ்சுகிற பத்து, பதினைந்து செடிகள் சென்னைச் செடிகள். அவற்றின் விதையிலிருந்து அடுத்த தலைமுறை எடுத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, காட்டிலிருந்து பிடுங்கப்படும் செடிகள். 2015-இல் வெளியான உலக அளவிலான மதிப்பீடு, கள்ளி இனங்களில் 31 சதவீதம் அழியும் அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. சேகரிப்பவர்களுக்காகத் திருடப்படுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2020-இல் இத்தாலியில் ஒரு வீட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளைப் போலீஸ் பறிமுதல் செய்தது. பெரும்பாலானவை சிலியின் அட்டகாமா பாலைவனத்திலிருந்து பிடுங்கி வந்த கோபியாபோவா செடிகள். அவற்றில் பல நூறு மறு வருஷம் சிலிக்கே திருப்பி அனுப்பப்பட்டன. வயசான அழகான செடியைக் குறுக்கு வழியில் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் இந்தத் திருட்டில் பங்கு இருக்கிறது. விதை போட்டு வளர்ப்பவருக்கு அந்தப் பழி இல்லை.

முதல் முறை விதைப்பவர் எதில் தொடங்கலாம்?

டிராகன் பழத்தில். கோயம்பேட்டிலோ தெருமுனைப் பழக்கடையிலோ ஒரு பழம் வாங்குங்கள். அதுவும் கள்ளிதான். ஒரு ஸ்பூன் சதையை டீ வடிகட்டியில் போட்டு, குழாயடியில் விரலால் தேய்த்துக் கழுவினால் கருப்பு விதைகள் மட்டும் நிற்கும். ஒரு நாள் நிழலில் காயவைத்து விதைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். ஈரத்தை எவ்வளவு தாங்கும், வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்பதெல்லாம் செலவில்லாமல் கைக்குப் பழகிவிடும்.

அடுத்தது அடீனியம். கள்ளி இல்லை, அரளிக் குடும்பத்துச் சதைப்பற்றுச் செடி. சென்னை வெயில் அதற்குத் தாய்வீடு மாதிரி. புது விதை ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும், அடியில் கிழங்கு பருப்பதும் கண்ணெதிரே தெரியும். விதை பழசானால் முளைப்பு வேகமாகக் குறையும் என்பதால் காய் வெடித்த தேதி தெரிந்து வாங்குங்கள். அதன் சாறு விஷம். கை கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது.

கள்ளிகளுக்குள் வரும்போது ஆஸ்ட்ரோஃபைட்டம், மெலோகாக்டஸ், ஃப்ரெய்லியா, ஜிம்னோகலீசியம், கோல்டன் பேரல் ஆகியவை நல்ல தேர்வு. இதில் மெலோகாக்டஸுக்கு என் முதல் ஓட்டு. வெப்பமண்டலக் கடற்கரைகளில் வளரும் கூட்டம் அது. குளிர்தான் அதற்கு ஆகாது, நம்ம ஊரில் அந்தக் கவலையே இல்லை.

லித்தாப்ஸ் வளர்க்க ஆசை. முடியுமா?

கூழாங்கல் போலவே தெரியும் இந்தச் சதைப்பற்றுச் செடியை முளைக்க வைக்கலாம், காப்பாற்றுவது கடினம். மார்கழி, தை மாதங்களில் விதைத்தால் நன்றாக முளைக்கும். சித்திரை வந்ததும் சூடான இரவுகளில் சுருண்டு போகும். இதிலேயே தொடங்காதீர்கள். கை பழகிய பிறகு, இழந்தாலும் பரவாயில்லை என்ற மனதோடு முயலுங்கள்.

எந்த மாதத்தில் விதைப்பது?

பொங்கல் கழிந்து மாசி முடிவதற்குள். அப்போது பகலில் 30 டிகிரியை ஒட்டியும் இரவில் 20 டிகிரிக்குச் சற்று மேலும் இருக்கும். கள்ளி விதைகள் விரும்புவது இதையேதான். கத்திரி வருவதற்குள் நாற்றுக்கு இரண்டு, மூன்று மாத வயசு ஆகிவிடும்.

தவறவிட்டால் ஆடி, ஆவணியில் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் மழை தொடங்கும்போது நாற்று பிஞ்சாக இருக்கும், பாதுகாப்பு கூடுதலாக வேண்டும். அடீனியம், மெலோகாக்டஸ் மட்டும் பங்குனியிலும் விதைக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் எதையும் விதைக்க வேண்டாம்.

மண் கலவை என்ன?

கடையில் விற்கும் கோகோபீட்டை, அதாவது தேங்காய் நார்த்தூளை, மட்டும் நிரப்பி விதைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. நம் ஈரக்காற்றில் அது காயவே காயாது. போதாததற்குச் சில கட்டிகளில் உப்பு அதிகம், இரண்டு மூன்று முறை அலசாமல் பயன்படுத்தக் கூடாது.

முக்கால் பங்கு கல், கால் பங்கு மக்கு. இதுதான் அடிப்படை. கல் என்பது பெர்லைட், பியூமிஸ், சல்லடையில் சலித்த செங்கல் பொடிக்கல், கரடுமுரடான ஆற்று மணல், இவற்றில் எது கிடைக்கிறதோ அது. எம்-சாண்ட் என்றால் தூசு முழுக்கப் போகும்வரை அலசுங்கள், இல்லாவிட்டால் சிமென்ட் போல இறுகிவிடும். மக்கு என்பது நன்கு மக்கிய இலைமக்கு அல்லது அலசிய கோகோபீட். கொஞ்சம் கரித்தூள் சேர்க்கலாம். மாட்டுச் சாணம், சமையலறைக் கழிவு உரம் எதுவும் விதைத் தொட்டிக்கு வேண்டாம், அவற்றோடு பூஞ்சையும் சிறு ஈக்களும் வந்துசேரும்.

கலவையை லேசாக நனைத்து, பழைய இட்லிப் பானையில் துணி போட்டு அரை மணி நேரம் ஆவியில் வேகவையுங்கள். ஆறிய பிறகுதான் தொட்டியில் நிரப்ப வேண்டும். அந்தப் பானையை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

சரி, விதைப்பது எப்படி?

இரண்டரை அங்குலச் சதுரத் தொட்டி போதும். பாரிமுனைப் பிளாஸ்டிக் கடைகளில் மொத்தமாகக் கிடைக்கும், ஜிப் கவரும் அங்கேயே வாங்கிவிடலாம். தொட்டியை வெந்நீரில் கழுவி, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை கலவையை நிரப்பி, மேலே மெல்லிய ஒரு அடுக்கு பொடிக்கல் தூவுங்கள். பாசி படிவதை இந்தக் கல் தள்ளிப்போடும், விதை உருண்டு போய் உட்காரவும் இடம் கொடுக்கும்.

கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் தொட்டியின் அடிப்பாகத்தை வையுங்கள். மேற்பரப்பு வரை ஈரம் ஏறியதும் எடுத்து, சொட்டுவது நிற்கும்வரை வடியவிடுங்கள். பிறகு மடித்த காகிதத்தில் விதைகளை வைத்து, விரலால் தட்டித் தட்டிப் பரப்புங்கள். மண் போட்டு மூட வேண்டாம். பெரும்பாலான கள்ளி விதைகளுக்கு முளைக்க வெளிச்சம் தேவை. அடீனியம் விதை மட்டும் விதிவிலக்கு, அதைப் படுக்கவைத்து மெல்லிசாக மூடலாம்.

தொட்டியை ஜிப் கவருக்குள் வைத்து மூடி, வெளிச்சம் நன்றாக வரும், ஆனால் நேர் வெயில் ஒரு நிமிஷம்கூடப் படாத ஜன்னலோரத்தில் வையுங்கள். மூடிய கவரில் சென்னை வெயில் பட்டால் விதை வெந்துவிடும்.

முளைக்கும்போது என்ன நடக்கும்? கவரை எப்போது திறப்பது?

ஆஸ்ட்ரோஃபைட்டம் விதையைக் கவனித்துப் பாருங்கள். பளபளப்பான பழுப்பு நிறத்தில், ஒரு பக்கம் குழிந்த சிப்பி வடிவத்தில் இருக்கும். புது விதை என்றால் இரண்டு, மூன்று நாளில் அந்தக் குழிந்த பக்கம் பிளந்து, வெளிர்பச்சையாக ஒரு உருண்டை பிதுங்கும். வேர் ஒரு நாள் வரை வெளியே தடவிக்கொண்டே இருக்கும், பிறகு பொடிக்கல்லுக்கு இடையில் இறங்கும். விதைத்தோல் சில நாள் தலையில் தொப்பியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்காதீர்கள், தானாக விழும். உருண்டையின் உச்சியில் இரண்டு சின்ன முனைகள் தெரியும். அவைதான் வித்திலைகள். மூன்றாவது வாரத்துக்குள் அவற்றின் நடுவிலிருந்து வெள்ளைப் பஞ்சு போல ஏதோ எட்டிப் பார்க்கும். அது செடியின் முதல் முள் திண்டு, முட்கள் முளைக்கும் இடம்.

இதைப் பார்த்ததும் கவரின் ஒரு மூலையைத் திறந்துவிடுங்கள். குளிர்நாடுகளில் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று மூடியே வைப்பார்கள். நம் சூட்டில் அவ்வளவு நாள் மூடினால் பூஞ்சையும் பாசியும்தான் செழிக்கும். மூன்று, நான்கு வாரத்தில் தொடங்கி, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் திறந்துவிடலாம்.

முளைக்காத விதைகளோடு அவசரப்பட வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் சில முளைக்கும்.

நேற்று வரை நன்றாக இருந்த நாற்றுகள் இன்று கண்ணாடி போல் ஆகிச் சாய்ந்துவிட்டன. ஏன்?

நாற்றழுகல். பூஞ்சை வேலை. ஒரு மூலையில் தொடங்கி இரண்டு நாளில் தொட்டியையே முடித்துவிடும். சாய்ந்த நாற்றையும் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் ஸ்பூனால் அள்ளி எறியுங்கள். கவரைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். கேப்டான் அல்லது காப்பர் ஆக்ஸிகுளோரைடு போன்ற பூஞ்சைக்கொல்லியை, பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் கரைத்துத் தெளியுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பழச்சதை ஒட்டிய விதை, வேகவைக்காத மண், தேங்கும் ஈரம் ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் காரணம். அதனால் மருந்தைவிட முன்ஜாக்கிரதைதான் முக்கியம்.

தண்ணீர் எவ்வளவு, எந்தத் தண்ணீர்?

முதல் வருஷ நாற்றை வளர்ந்த கள்ளி மாதிரி காயப்போடக் கூடாது. அதன் வேர் மயிரிழை, உடம்பில் சேமிப்பும் இல்லை. மேல் கல் காய்ந்து, தொட்டியைத் தூக்கினால் எடை குறைந்து தெரியும்போது அடியிலிருந்து ஈரம் கொடுங்கள்.

தண்ணீரின் தரம் இங்கே பெரிய விஷயம். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. ஊற்ற ஊற்றத் தொட்டி விளிம்பிலும் செடியின் அடியிலும் வெள்ளையாகப் படியும், வேர் திணறும். மழைநீர்தான் முதல் தரம். சென்னையில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆயிற்றே, மாடியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு டிரம்மை நிரப்பி மூடி வையுங்கள், கொசு வராமல். அது தீர்ந்தால் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளலாம். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

கத்திரி வெயிலில் என்ன செய்வது?

50 சதவீத ஷேட் நெட் வளர்ந்த செடிகளுக்கு, நாற்றுகளுக்கு 75 சதவீதம். கறுப்புத் தொட்டியை மொட்டை மாடித் தளத்தில் நேராக வைத்தால் வேர் வேகும், ஸ்டாண்டிலோ செங்கல் மேலோ தூக்கி வையுங்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகே தண்ணீர். நாற்று லேசாகச் சிவந்தால் வெயில் கொஞ்சம் அதிகம் என்று பொருள், நிழலுக்கு நகர்த்தினால் பச்சையாகிவிடும். வெளுத்துத் திட்டாகிவிட்டால் அந்தத் தழும்பு மறையாது.

மழைக்காலத்தில்?

சென்னையில் வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. அதற்கு முன்பே கூரை தயாராக இருக்க வேண்டும். ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் ஷீட் மேலே, நான்கு பக்கமும் திறப்பு. பக்கங்களையும் மூடினால் மழையிலிருந்து தப்பி அழுகலில் மாட்டும்.

புயல் சின்னம் என்று அறிவிப்பு வந்தாலே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். நான்கைந்து நாள் சூரியனே தெரியாது, ஈரத் தொட்டி ஈரமாகவே கிடக்கும். மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்பதால் தொட்டிகளை வீட்டுக்குள் இறக்கி, கரண்ட் இருக்கும்வரை ஃபேன் காற்று படவையுங்கள். மழை விட்டதும் சுள்ளென்று அடிக்கும் முதல் வெயிலில் நேராகக் கொண்டுபோய் வைக்காதீர்கள். புயலில் பிழைத்துப் பிறகு வெயிலில் போகும் செடிகள் அதிகம்.

மாவுப்பூச்சியை எப்படி ஒழிப்பது?

எறும்பு வரிசையைத் தேடுங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைக் காவல் காத்துப் பரப்பும். எறும்பைத் தடுக்காமல் பூச்சியை மட்டும் துடைத்துப் பயனில்லை. ஓரிரு பூச்சி என்றால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோய்த்த பட்ஸால் தொட்டு எடுக்கலாம். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதென்றால் மாலையில் தெளியுங்கள், எண்ணெய் பட்ட உடம்பில் வெயில் அடித்தால் செடி பொசுங்கும். காரணமே இல்லாமல் ஒரு செடி வளராமல் நின்றால் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். வேரில் வெள்ளைப் பொடி இருந்தால் வேர் மாவுப்பூச்சி. மண்ணை மொத்தமாகக் கொட்டி, வேரைக் கழுவி, காயவைத்து, புது மண்ணில் நட வேண்டும்.

என் செடியிலிருந்தே விதை எடுக்க முடியுமா?

மெலோகாக்டஸும் ஃப்ரெய்லியாவும் ஒற்றைச் செடியிலேயே விதை தரும். ஃப்ரெய்லியாவில் பல சமயம் பூ விரியாமலேயே காய் பிடிக்கும். மெலோகாக்டஸின் தலையில் உள்ள கம்பளித் தொப்பியிலிருந்து ஒரு காலையில் இளஞ்சிவப்புப் பழங்கள் தானாக வெளியே தள்ளப்பட்டு நிற்கும். எறும்பும் அணிலும் வருவதற்குள் எடுத்துவிடுங்கள்.

ஆஸ்ட்ரோஃபைட்டத்துக்கும் ஜிம்னோகலீசியத்துக்கும் பொதுவாக இரண்டு வேறு செடிகள் ஒரே நாளில் பூத்திருக்க வேண்டும். உச்சிவெயில் நேரத்தில் மென்மையான தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் சூல்முடியில் தடவுங்கள். கள்ளி போலவே உருண்டையாக இருக்கும் யூஃபோர்பியா ஒபேசா என்ற சதைப்பற்றுச் செடியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காய் முற்றியதும் வெடித்து விதையை வீசிவிடும் என்பதால் மேலே சின்ன வலைப்பை கட்ட வேண்டும். அடீனியம் காயையும் நூலால் சுற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பஞ்சு வைத்த விதைகள் காற்றில் பறந்துவிடும்.

கழுவிக் காயவைத்த விதையைக் காகிதக் கவரில் போட்டு, சிலிகா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். வெளியே வைத்தால் நம் ஈரக்காற்று விதையின் ஆயுளைக் குறைத்துவிடும்.

விதை வாங்கும்போது ஏமாறாமல் இருக்க?

வானவில் லித்தாப்ஸ் என்று படம் போட்டு விற்பதெல்லாம் பொய். அப்படி ஒரு செடி உலகத்தில் இல்லை. பச்சைத் தண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்பு, மஞ்சள் உருண்டைக் கள்ளியின் விதை என்றும் விற்கிறார்கள். பச்சையம் இல்லாத அந்த உருண்டை ஒட்டு இல்லாமல் தனியாக வாழாது. முழுத் தாவரப்பெயரும் அறுவடை செய்த காலமும் சொல்லும் ஆளிடம் வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து விதை வரவழைக்கலாமா?

முறையாக மட்டும். விதை இறக்குமதிக்கு 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரநலச் சான்றிதழும் வேண்டும். அதோடு ஏறக்குறைய எல்லாக் கள்ளிகளும், அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் கீழ் வருகின்றன. ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டெரியாஸ், ஏரியோகார்பஸ் போன்றவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளன, அவற்றின் விதைக்கும் கட்டுப்பாடு உண்டு. உள்நாட்டில் வளர்ப்பவர்களிடமே இப்போது நல்ல விதை கிடைக்கிறது. அது நம் தட்பவெப்பத்தில் விளைந்த விதை என்பதால் எனக்கு அதுதான் உசத்தி.

வீட்டில் முள்செடி ஆகாது என்று அம்மா சொல்கிறார்.

அவர் மனம் கோணாமல் மாடியில் வையுங்கள், செடிக்கும் அதுதான் நல்ல இடம். வாசலில் திருஷ்டிக்குக் கற்றாழை தொங்கவிடும் ஊர்தானே நம்முடையது. முதல் பூ வந்ததும் அம்மாவை மாடிக்குக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் சப்பாத்திக்கள்ளி வகைகளை மட்டும் தவிருங்கள். கண்ணுக்கே தெரியாத அதன் நுண்முட்கள் தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

விதை போட்டால் பூக்க எத்தனை வருஷம் ஆகும்?

அடீனியம் ஒன்று, இரண்டு வருஷத்தில். ஃப்ரெய்லியா இரண்டு, மூன்று. மாமில்லேரியாவில் பல வகைகளும் ஆஸ்ட்ரோஃபைட்டமும் மூன்றிலிருந்து ஐந்து. மெலோகாக்டஸுக்கு முதலில் அந்தக் கம்பளித் தொப்பி வர வேண்டும், அதற்கே ஆறு முதல் பத்து வருஷம் ஆகலாம். கோல்டன் பேரல் பதினைந்து வருஷத்துக்கு மேல் எடுக்கும், தொட்டியில் பூக்காமலும் போகலாம்.

மிஞ்சிய விதையையும் நாற்றையும் நண்பர்களுக்கு அனுப்புவது எப்படி?

விதையை டிஷ்யூவில் மடித்து, சின்ன மாத்திரை டப்பாவில் போட்டு அனுப்புங்கள். வெறும் தபால் கவரில் ஆஸ்ட்ரோஃபைட்டம் விதையின் மெல்லிய தோல் நசுங்கிவிடும். நாற்று என்றால் மண்ணை உதிர்த்து, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றுங்கள். ஈரத்தோடு பார்சல் போட்டால் போய்ச் சேர்வதற்குள் அழுகும். தாவரப்பெயர், தாய்ச்செடி எது, விதை எடுத்த மாதம், இந்த மூன்றையும் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பேனா மை சென்னை ஈரத்தில் ஊறி அழிந்துவிடும்.